தலைக்கு ஏறிய தோல்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, வேலூர். இந்த ஊர்களைச் சொன்னால் தோல் ஞாபகம் வரும். இங்கே பதனிட்ட தோலும், தைத்த பூட்சும் கடல் கடந்து போகின்றன. தோலை நம்பி உலை வைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

இதே வேலூரில், ஒரு சின்னத் தோல் துண்டு பெரிய ரத்தக்களரிக்குக் காரணமாயிற்று. அது நடந்தது 1806-ம் ஆண்டில்.

வேலூர்க் கோட்டையில் அப்போது கும்பினிப் பட்டாளம் இருந்தது. சிப்பாய்களில் இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. சென்னைப் படையின் தலைமைத் தளபதி, கிராடக் என்ற வெள்ளைக்காரர். படை முழுவதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை.

உத்தரவு பிறந்தது. பரேடுக்கு வரும்போது நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்கவேண்டும். தலைப்பாகையும் மாறியது. புதியது பார்வைக்குத் தொப்பி போலவே இருந்தது. அதில் தோலால் செய்த அலங்காரத் துண்டு வேறு!

அந்த நாளில் தொப்பிக்காரன் என்றால் வெள்ளைக்காரன். தொப்பி போட்டால், மதம் மாறிவிட்டான் என்று ஊர் பேசும். பிறகு பந்தியில் இடம் கிடைக்குமா? மகளுக்கு வரன் அமையுமா? அந்தத் தோல்தான் எந்த மிருகத்தின் தோலோ? பசுவா, பன்றியா? சிப்பாய்கள் கலங்கினார்கள்.

தோல் என்றால் தீட்டு என்று நினைத்தது சரியா? எனக்குச் சரியாகப் படவில்லை. தோல் வேலை செய்தவரையே ஒதுக்கிவைத்து, அவர் செருப்புப் போட்டுத் தெருவில் நடக்கக் கூடாது என்று தடுத்த ஊர்கள் நம் நாட்டில் இருந்தன. ஆனால் ஒருவன் தலையில் எதை வைப்பது என்பதை, அவனைக் கேட்காமலே வேறொருவன் முடிவு செய்தானே, அதுதான் வினை.

900 கசையடி

1806 மே மாதம் சில சிப்பாய்கள் புதிய தலைப்பாகையைத் தொட மறுத்தார்கள். சென்னையில் விசாரணை நடந்தது. ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி என்று தீர்ப்பாயிற்று.

ஜூலை 10. விடியுமுன்னே கோட்டையில் துப்பாக்கி வெடித்தது! தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சோல்ஜர்கள் பலர் மாண்டார்கள். கோட்டைத் தளபதி பான்கோர்ட்டும் இறந்தார். திப்பு சுல்தானின் பிள்ளைகள் அங்கேதான் காவலில் இருந்தார்கள். மைசூர்க் கொடி ஏறியது.

அதெல்லாம் சில மணி நேரந்தான். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

பிறகு கும்பினிக்குப் புத்தி வந்தது. தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆயிற்று. தளபதி கிராடக்கையும், சென்னை கவர்னர் பெண்டிங்கையும் 1807-ல் லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பின்னாளில் கவர்னர் ஜெனரலாக வந்து, 1829-ல் உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்தாரே, அதே பெண்டிங்தான்!

2006-ல், இருநூறாம் ஆண்டில், இந்தத் தபால் இலாகா வேலூர்ப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டது. வேலூர் மக்கான் பக்கம் போனால் சிப்பாய்களின் நினைவுத் தூணைப் பார்க்கலாம்.