வயதும் தோழமையும்
பாறசாலையையும் களியக்காவிளையையும் 1956 நவம்பர் 1ஆம் நாள் வரையப்பெற்ற மாநில எல்லை பிரித்தது. இருபுறத்துச் சிறுவரின் தோழமையை அது பிரிக்கவில்லை. அவர்களுள் ஒருவன் தவறிழைப்பின் கெட்ட பிள்ளை என்கிறோம். தனித்திருந்தால் அதனைச் செய்திருப்பானா என்று நாம் வினவுவதில்லை. 2005இல் அமெரிக்க உளவியலாளர் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் கார் ஓட்டும் விளையாட்டொன்றைக் கொடுத்து ஆராய்ந்தனர். தோழர் அருகிருக்க, 13 முதல் 16 வயதினர் துணிந்த ஆபத்து ஏறத்தாழ இருமடங்காயிற்று; 24 வயதைக் கடந்தோரிடம் அம்மாற்றம் இல்லை. குற்றச்செயல்களும் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியில் உச்சமுற்றுப் பின்னர்த் தணிகின்றன. இதனை அறியாத வசவு பையனை அதே கூட்டத்திடமே துரத்துகிறது. 2010இல் கேரளம் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டமோ, அக்கூட்டத்தின் ஈர்ப்பையே பள்ளி மைதானத்து அணிவகுப்புக்குத் திருப்பிவிடுகிறது.