இரண்டாவது சாவி யாரிடம்?

வங்கிக் கிளைகளின் பணப் பெட்டகத்தை ஒருவரால் மட்டும் திறந்துவிட முடியாது. இரு அலுவலர்களிடம் இரு சாவிகள் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். இதை எந்த அலுவலரும் தம் நேர்மைக்கு இழுக்காகக் கருதுவதில்லை. தனியொருவரின் நேர்மையை மட்டுமே நம்பி நிற்காதபடி அமைப்பை வகுப்பதுதான் அதன் நோக்கம்.

இந்த நெறியை மறந்தால் என்னவாகும் என்பதற்கு, நான் வகுப்பறையில் தவறாமல் கூறிவந்த எடுத்துக்காட்டு பேரிங்ஸ் வங்கி. 1762-இல் லண்டனில் தோன்றிய அவ்வங்கி, 1995 பிப்ரவரியில் வீழ்ந்தது. அதன் சிங்கப்பூர் பிரிவில் நிக் லீசன் என்ற ஒரே நபரிடம், சந்தையில் வணிகம் செய்யும் பொறுப்பும் அவ்வணிகத்தின் கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பும் ஒருசேர இருந்தன. 80 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட இழப்பை அவரால் மறைத்துவைக்க முடிந்தது. இறுதியில் அவ்வங்கி ஒரு பவுண்டு விலைக்குக் கைமாறியது.

இப்பழைய பாடம் இன்று செயற்கை நுண்ணறிவுத் துறையில் மீண்டும் தேவைப்படுகிறது. கேட்ட கேள்விக்கு விடை மட்டும் தரும் மென்பொருள் ஒருவகை. 'ஏஜென்ட்' எனப்படும் முகவர் மென்பொருள் வேறுவகை. அது நம் சார்பில் கோப்புகளைத் திருத்தும், மின்னஞ்சல் அனுப்பும், தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும். தவறான விடையை நாம் புறந்தள்ளிவிடலாம். தவறான செயலோ, நாம் அறியும் முன்பே நடந்து முடிந்திருக்கும்.

2025 ஜூலையில் அமெரிக்காவின் ரெப்லிட் நிறுவனத்தின் முகவர் மென்பொருளைப் பயன்படுத்திய தொழில்முனைவோர் ஒருவருக்கு இதுதான் நேர்ந்தது. எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று அவர் தெளிவாக அறிவுறுத்தியிருந்தும், பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தை அது அழித்துவிட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிறுவன நிர்வாகிகளின் பதிவுகள் அதில் இருந்தன. அவற்றை மீட்க முடியாது என்றும் அது கூறியது, அக்கூற்றும் தவறு, பின்னர் தரவுகள் மீட்கப்பட்டன. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி வருத்தம் தெரிவித்து, சோதனைத் தரவுத்தளத்தையும் பயன்பாட்டுத் தரவுத்தளத்தையும் பிரித்துவைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

அறிவுறுத்தல் வேறு, பூட்டு வேறு. 'இந்த அறைக்குள் நுழையாதே' என்று எழுதிவைப்பது அறிவுறுத்தல். மென்பொருள் முகவரைப் பொருத்தவரை அது படிக்கும் எத்தனையோ வாக்கியங்களில் அதுவும் ஒன்று. அது படிக்கும் மின்னஞ்சலிலோ இணையப் பக்கத்திலோ வேறொருவர் தீய நோக்குடன் எழுதிவைத்த கட்டளையும் இருக்கக்கூடும். எனவே, தடை அதன் 'புரிதலில்' அல்லாமல், அதற்கு வெளியே இருக்க வேண்டும்.

பொருளாதாரத்தில் இதை உரிமையாளர்-முகவர் சிக்கல் என்போம். ஜென்சனும் மெக்லிங்கும் 1976-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதில் புகழ்பெற்றது. மனித முகவரை நெறிப்படுத்த நம்மிடம் ஊதியம், பதவி உயர்வு, நற்பெயர், தண்டனை எனப் பல கருவிகள் உண்டு. மென்பொருளுக்கு இழக்க வேலையும் இல்லை. அஞ்ச நீதிமன்றமும் இல்லை. ஆகவே, அதிகாரத்தை வரையறுப்பதுதான் நமக்கு எஞ்சியிருக்கும் உறுதியான வழி.

மனிதர்களும்தானே தவறு செய்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பயன்பாட்டுத் தரவுகளைத் தவறுதலாக அழித்தார். காப்புப் பிரதி ஏற்பாடுகள் பல சரிவர இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது; ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவுகள் மீளவே இல்லை. பூட்டு எல்லோருக்கும் தேவை என்பதையே இது காட்டுகிறது. நொடிக்குப் பல கட்டளைகளை இடவல்ல முகவருக்கு அது இன்னும் கூடுதலாகத் தேவை.

வழிமுறை புதிதன்று. எந்த மென்பொருளுக்கும் அதன் பணிக்கு இன்றியமையாத, மிகக் குறைந்த அதிகாரமே தரப்பட வேண்டும் என்று சால்ட்சர், ஷ்ரோடர் என்ற கணினி அறிஞர்கள் 1975-இலேயே வகுத்துரைத்தனர். படிக்க மட்டுமே வேண்டிய முகவருக்கு எழுதும் உரிமை எதற்கு? அழித்தல், பணம் அனுப்புதல் போன்ற திரும்பப் பெற இயலாத செயல்களுக்கு மனிதர் ஒருவரின் ஒப்புதல் வேண்டும். அதே வேளையில், ஒவ்வொரு சிறு செயலுக்கும் ஒப்புதல் கேட்டால், நாம் படிக்காமலே 'சரி' என்று அழுத்தப் பழகிவிடுவோம். காப்புப் பிரதிகள் முகவரின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அவற்றை அவ்வப்போது மீட்டுப் பார்த்துச் சோதிக்கவும் வேண்டும்.

இவற்றால் வேகம் சற்றுக் குறையும், செலவும் கூடும். ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் சில நிமிடங்களின் விலையையும், அழிந்துபோன நிலப் பதிவேட்டின் விலையையும் ஒப்பிட்டால் கணக்கு எளிதில் விளங்கும்.

மருத்துவமனையோ, வங்கியோ, அரசுத் துறையோ இத்தகைய முகவரைப் பணியமர்த்தும் முன் விற்பனையாளரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'இது எவற்றையெல்லாம் அழிக்க முடியும்? அப்போது இரண்டாவது சாவி யாரிடம் இருக்கும்?' அதற்கு எழுத்து வடிவில் விடை பெற்ற பிறகே ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும்.