மகப்பேறின்மை: சோதனை இருவருக்கும் உரியது

மகப்பேறு வாய்க்காத இல்லங்களில் பழி பெரும்பாலும் பெண்ணையே சாருகின்றது. மருத்துவ நூல் கூறுவது வேறு. கருத்தடையின்றி ஓராண்டு கூடிவாழ்ந்தும் கருத்தரிக்காத தம்பதிகளுள் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்து, குறை முழுதாகவோ பகுதியாகவோ ஆணிடமும் காணப்படுகின்றது. விந்தணுக்களின் எண்ணிக்கையையும் இயக்கத்தையும் ஆராயும் சோதனை எளியது, வலியற்றது. ஆதலின் கணவனும் தொடக்கத்திலேயே சோதிக்கப்படுதல் வேண்டும்.

பெண்ணிடத்துக் காணும் காரணங்களுள் முக்கியமானவை இரண்டு. சினைமுட்டை முறையாக வெளிப்படாமை ஒன்று; இதற்குப் பல வேளைகளில் மாத்திரைகளே பயன் தருகின்றன. கருக்குழாய் அடைப்பு மற்றொன்று. நம் நாட்டில் இதற்குக் காசநோயும் ஒரு காரணமாகும். இருமலின்றியே அது குழாயைக் கெடுக்கக்கூடும். மருந்து நோயை அகற்றும். ஆனால் தழும்பேறிய குழாய் மீளத் திறப்பது அரிது.

இத்தகையோர்க்கு உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் முறை உண்டு. 1978-இல் இங்கிலாந்தில் இம்முறையில் முதற்குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் ஒரு பெண்மகவு பிறந்தது. ஆயினும் இது செலவு மிக்கது. ஒவ்வொரு முயற்சியும் பலிப்பதில்லை.

மனைவி 35 வயதைக் கடந்தவராயின் ஆறு திங்களுக்கு மேல் காத்திருத்தலாகாது. இருவரையும் ஒருங்கே மருத்துவரிடம் அனுப்புவதே களப்பணியாளர் செய்யத்தக்க முதல் உதவியாகும்.