உஷார்! காரில் வரும் எல்லாத் தலைச்சுற்றலும் பித்தம் கிடையாது

காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் தலை வலிக்கிறதா? இறங்கிக் காற்றாட நின்றால் சரியாகிவிடுகிறதா? “எனக்கு ஏசி ஒத்துக்காது” என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்து சமாளிக்கிறீர்களா?

தயவுசெய்து சமாளிக்காதீர்கள். முதலில் வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பியது ஒரு குடும்பம். பழைய பெட்ரோல் கார். கொஞ்ச நாளாகவே ஸ்டார்ட் செய்தால் ‘டப டப’ என்று சத்தம். “சைலன்சர் பக்கம் ஏதோ லீக். போயிட்டு வந்து பார்த்துக்கலாம்” என்றார் வீட்டுக்காரர். மலையேற ஏறக் குளிர். கண்ணாடி நான்கையும் ஏற்றிவிட்டார்கள்.

பையன் வாந்தி எடுத்தான். மலைப்பாதை, வாந்தி வரத்தானே செய்யும்? பாட்டி கண் அசந்தார். வயதானவர், அலுப்பாக இருக்கும். கடைசியில் ஓட்டியவருக்கே நெற்றிப்பொட்டு தெறித்தது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பக் கை தாமதித்தது. அப்போதுதான் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினார்கள். பாட்டியை உலுக்கி உலுக்கித்தான் எழுப்ப முடிந்தது.

பையனுக்கு ஒரு காரணம், பாட்டிக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள். உண்மைக் காரணம் ஒன்றே ஒன்று. இன்ஜினிலிருந்து புகையைத் திரட்டும் மேனிஃபோல்ட் குழாயின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தது. அங்கே கசிந்த புகை, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் திறப்பு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்தப் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை. மணம் இல்லை. கண்ணும் எரியாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு ஓடும், மூளைக்குப் போதிய ஆக்சிஜன் போகாது. கர்ப்பிணிக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் இதய நோயாளிக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

கேரளத்தின் வடகரையில் 2024 டிசம்பரில், நிறுத்தி வைத்திருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த இதே வாயுதான் காரணம். ஓடாத வண்டியிலேயே இந்தக் கதி!

“புகைச் சான்றிதழ் வாங்கிட்டோமே” என்பீர்கள். அந்தச் சோதனைக் குழாயைச் செருகுவது வண்டியின் வால் குழாயில். நடுவழியில் கசிவதை அது காட்டிக்கொடுக்காது. இந்த வாயுவின் பெரும்பகுதியைக் குறைப்பது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். கசிவு அதற்கு முன்னால் இருந்தால், சுத்திகரிக்காத புகை அப்படியே வெளியே வரும்.

இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் உஷார்:

• காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ அல்லது ‘புஸ் புஸ்’ சத்தம். சூடானதும் குறைந்துவிடும். உலோகம் விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் அது. கோளாறு தீர்ந்ததாக நினைக்காதீர்கள்.
• ஆக்சிலரேட்டரை மிதித்தால் திடீர் இரைச்சல்.
• வண்டிக்குள் புகை நாற்றம். நாற்றம் இல்லாததால் ஆபத்து இல்லை என்று நினைப்பதும் தப்பு.
• குழாய் இணைப்புகளில் கருப்புக் கரி, துருத் துளை, தொங்கும் சைலன்சர்.
• காரில் வந்த எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், தூக்கம்.

கடலோர ஊர்க்காரர்களே, உப்புக் காற்று குழாயைச் சீக்கிரம் அரிக்கும். பக்கத்துத் தெருவுக்கே காரை எடுப்பவர்களின் வண்டியிலும் குழாய் சீக்கிரம் அரிக்கும். சைலன்சர் நன்றாகச் சூடாகாவிட்டால் உள்ளே தேங்கும் தண்ணீர் ஆவியாகாது. துரு உள்ளிருந்தே தின்னும்.

ஏசி காற்றை உள்ளேயே சுழலவிட்டால் தப்பிக்கலாம் என்று நம்பாதீர்கள். புகை உள்ளே நுழைய, காரின் தரையில் ஒரு சின்னத் துளை போதும். டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டவே ஓட்டாதீர்கள். பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுக்கும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். ஏசி போட்டுக்கொண்டு காரில் தூங்காதீர்கள்.

அடுத்த ஆபத்து ரிப்பேரில் இருக்கிறது. “ஒட்டு போட்டா போதும் சார்” என்பார்கள். சாதாரணப் பசை அந்தச் சூட்டில் உதிர்ந்துவிடும். எக்ஸாஸ்டுக்கென்றே விற்கும் பேஸ்ட்கூட வொர்க்‌ஷாப் போய்ச் சேரும் வரைக்கும்தான். துருப்பிடித்து மெலிந்த தகட்டில் வெல்டிங் நிற்காது. பக்கத்திலேயே புது ஓட்டை விழும். அந்தப் பாகத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட விடாதீர்கள். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டுத் தருகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வெல்டிங் தேவைப்பட்டால் பேட்டரி இணைப்பை முதலில் கழற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டர் போய்விடலாம். பெட்ரோல் குழாய் பக்கத்தில் ஓடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே பார்ப்பதானால் இன்ஜின் முழுக்க ஆறட்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது.

ஓடும்போதே சந்தேகம் வந்தால்? வண்டியை ஓரங்கட்டுங்கள். இன்ஜினை அணையுங்கள். எல்லோரும் இறங்குங்கள். மயக்கமோ குழப்பமோ இருந்தால் 108. மருத்துவரிடம் “கார் புகையைச் சுவாசித்தோம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த வாயுவையும் ஆக்சிஜன் என்று எண்ணி, நல்ல அளவையே காட்டும். அதைப் பார்த்து வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

விடுமுறைக்கு மலைக்குப் போகத் திட்டமா? ஏர் செக், ஆயில் செக்கோடு இன்னொன்றும் கேளுங்கள்: “லிஃப்ட்ல ஏத்தி, மேனிஃபோல்ட்ல இருந்து வால் குழாய் வரைக்கும் லீக் பாருங்க.” பார்த்து முடித்த பிறகு குழந்தைகளை ஏற்றுங்கள்.