கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் – 9: ‘பரிசீலனையில் உள்ளது’

பரமக்குடிப் பக்கத்து இளைஞர் அவர். திருப்பூரில் வெல்டிங் வேலை. கத்தாரில் ஓர் இடம் உறுதியானதும் சொந்த ஊர் முகவரியைக் கொடுத்துப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். சேவா கேந்திரத்தில் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஏ கவுன்ட்டரில் தனியார் நிறுவன ஊழியர் புகைப்படமும் கைரேகையும் எடுத்தார். பி கவுன்ட்டரில் அரசு அலுவலர் அசல் சான்றிதழ்களைப் பார்த்தார். சி கவுன்ட்டரில் கடைசிச் சரிபார்ப்பு. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வெளியே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. இணையத்தில் கோப்பு எண்ணைப் போட்டால் ஒரே வரி: ‘மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் பரிசீலனையில் உள்ளது’. வாரங்கள் ஓடின, வரி மாறவில்லை. கட்டணமில்லாத் தொலைபேசியில் பேசியவரும் அதையே படித்துக் காட்டினார்.

“இல்லைன்னு சொல்லிட்டாக்கூட வேற பொழப்பைப் பார்ப்பேண்ணே. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாங்க” என்றார் என்னிடம்.

அவர் சொன்னது சட்டப்படியும் உண்மை. 1967 வரை பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் மத்திய அரசின் இஷ்டம். அந்த ஆண்டு சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைத் தொடர்ந்துதான் இன்றைய பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1977-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை முடக்கிய அரசு, பொதுநலன் கருதி காரணத்தைச் சொல்ல முடியாது என்றது. அந்த வழக்கில் 1978-ல் வந்த தீர்ப்பு, பாதிக்கப்படுபவரின் தரப்பையும் கேட்டாக வேண்டும், நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்று உறுதிசெய்தது.

ஆனால், இந்தப் பாதுகாப்பெல்லாம் ‘இல்லை’ என்று சொல்லப்பட்டவருக்குத்தான் பயன்படுகிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும் என்கிறது பிரிவு 5(3). தேசப் பாதுகாப்பு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பிரிவு 11-ன்படி மேல்முறையீடும் செய்யலாம். காத்திருப்பவரிடம் உத்தரவு என்று ஒன்றே கிடையாது. எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்? உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீல் ஃபீஸுக்கு அந்த வெல்டர் எங்கே போவார்?

பாஸ்போர்ட் அலுவலகம் இருந்த சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் வாசலில் வரிசையில் நின்ற தலைமுறைக்கு இன்றைய ஏற்பாடு பெரிய மாற்றம்தான். அதை மறுக்க மாட்டேன். மாறியது முன்வாசல், கோப்பு உள்ளே போன பிறகு என்ன ஆகிறது என்பது அன்றுபோலவே இன்றும் இருட்டு.

அங்கே பெரும்பாலும் சிக்குவது போலீஸ் விசாரணை அறிக்கையில். கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடி வழக்கு வாங்கிய கடலோர மக்களில் பலர் பாஸ்போர்ட் கிடைக்காமல் தவித்தார்கள். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் மறுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியும், அறிக்கையில் ‘வழக்கு உள்ளது’ என்று ஒரு வரி விழுந்தால் கோப்பு நின்றுவிடுகிறது.

நம் இளைஞர் மீது வழக்கு எதுவும் இல்லை. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்: கோப்பு எந்தத் தேதியில் போலீஸுக்குப் போனது, அறிக்கை எப்போது வந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது?

பதில் வந்தது. ஏட்டு போன நேரத்தில் வீடு பூட்டியிருந்திருக்கிறது. அம்மா களையெடுக்கப் போயிருந்தார். ‘விண்ணப்பதாரர் முகவரியில் இல்லை’ என்று அறிக்கை. விளக்கம் கேட்டு அலுவலகம் அனுப்பிய கடிதமும் அதே பூட்டிய வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. அவருடைய செல்போன் எண் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அதற்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால், மறுநாளே ஊருக்கு வந்து ஸ்டேஷனில் நின்றிருப்பார்.

இப்போது பாஸ்போர்ட் வந்துவிட்டது. கத்தார் வேலைக்கு வேறொருவர் போய்விட்டார்.

அந்த ஏட்டிடமும் பேசினேன். அவர் மேஜையில் இருந்த விசாரணைக் கோப்புகளைப் பற்றி அவருக்கும் சொல்ல நிறைய இருந்தது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)