ரேடியோவை அடைத்தபோது கேட்டது

வானொலியில் வேலை செய்கிறவள் சொல்லக்கூடாத ஒன்றை இந்த வாரம் சொல்லப்போகிறேன். காரில் ஏறினால், பத்து நிமிடமாவது ரேடியோவை அடைத்துவிட்டு ஓட்டுங்கள். எங்கள் நிலைய மேலாளர் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் இருந்தால் நல்லது.

காலை நிகழ்ச்சி என்பதால் விடியற்காலை நாலரைக்கெல்லாம் கிள்ளானிலிருந்து புறப்பட்டுவிடுவேன். கூட்டரசு நெடுஞ்சாலை அந்நேரத்தில் காலியாக இருக்கும். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, அந்தக் காலிச் சாலையில்தான் முதலில் கேட்டது. ‘ஊஊம்’ என்று ஒரு முனகல். வேகம் கூடினால் அதுவும் கூடியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒலியைக் கூட்டினேன். ரேடியோவின் ஒலியை!

பத்து நாள் இப்படியே போனது. பிறகு ஒரு டயர் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். காரை ஓட்டிப் பார்க்காமலே, “டயர் சத்தம்தான், நாலும் போத்தாக் ஆயிடுச்சு” என்றார்கள். டயர் தேய்ந்திருந்தது உண்மைதான், அதை மறுக்கவில்லை. நாலும் மாற்றினேன். 760 ரிங்கிட். மறுநாள் நாலரை மணிக்கு அதே முனகல். பழைய டயரின் இரைச்சல் போய்விட்டதால் இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது.

பிடித்துக் கொடுத்தது அம்மா. எங்களோடுதான் இருக்கிறார். கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரம்பானுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனோம். கணவர் ஓட்டினார். அம்மா பின்னால் இடப்பக்கம், மகள் அவர் பக்கத்தில். டோல் சாவடி தாண்டியதும் அம்மா சொன்னார்:

“அந்த ரேடியோவ கொஞ்சம் அடைமா. பின்னால சுருதிப் பெட்டி வச்ச மாதிரி இருக்கு.”

அடைத்தேன். கார் அப்போது 60-இல் போய்க்கொண்டிருந்தது. அம்மா மெதுவாக ‘சா’ பிடித்தார். அப்படியே பொருந்தியது. 90 வந்ததும் மறுபடி பிடித்துப் பார்த்தார். “இப்ப பா-வுக்கு ஏறிடுச்சு.” மகளுக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 60-க்கு 90 என்பது ஒன்றுக்கு ஒன்றரை. சா-வுக்கும் பா-வுக்கும் உள்ள அதிர்வு வித்தியாசமும் அதே ஒன்றுக்கு ஒன்றரைதான். அப்படியென்றால் இந்தச் சத்தம் சக்கரம் சுற்றும் வேகத்தை அச்சுப் பிசகாமல் பின்தொடர்கிறது.

ஸ்டூடியோவிலும் எங்களுக்கு இந்த ‘ஹம்’ தொல்லை உண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அதிர்வது. எங்கேயாவது ஒரு ஒயரில் எர்த் சரியில்லை என்றால் அந்த 50 ஒலிபெருக்கியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கண்டுபிடிக்கும் வழி மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு மைக்காக, ஒவ்வொரு கருவியாக அடைத்துக்கொண்டே வரவேண்டும். எதை அடைக்கும்போது ஹம் நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு. ஒரே நேரத்தில் இரண்டை அடைத்தால் ஒன்றும் தெரியாது. இதைக் காருக்குச் செய்ய எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்றுதான் தெரியவில்லை.

சிரம்பான் போகும் வழியிலேயே ஆரம்பித்துவிட்டோம். முதல் சந்தேகம் எஞ்சின். ஓய்விடத்தில் காரை நிறுத்தி, கியரை ‘பி’யில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு எஞ்சினை மட்டும் உறுமவிட்டார் கணவர். முனகல் இல்லை. மறுபடி நெடுஞ்சாலையில் ஏறி, 90-இல் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் அடங்கியது, முனகல் அடங்கவில்லை. ஏர்கோனையும் அடைத்துப் பார்த்தோம். அதே முனகல். எஞ்சின் தப்பித்தது.

அடுத்தது சாலை. டயர் சத்தம் சாலைக்கு ஏற்றபடி குரல் மாற்றும். புதிதாகத் தார் போட்ட இடத்தில் தணியும், சொரசொரப்பான பழைய சாலையிலும் காங்கிரீட்டிலும் எகிறும். எங்கள் முனகல் எல்லாச் சாலையிலும் ஒரே மாதிரி பாடிக்கொண்டு வந்தது. புது டயர் போட்டும் போகாததற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. இந்த ஒரு சோதனையைப் பத்து நாள் முன்பே செய்திருந்தால், டயரை மாற்றினால் சத்தம் போய்விடும் என்று நம்பியிருக்கமாட்டேன்.

மூன்றாவது, வளைவு. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வட்டப் பாதைகள் இதற்கென்றே போட்டது போல இருக்கும். வேகமாகத் திருப்ப வேண்டியதில்லை, வழக்கம்போல் போனால் போதும். கார் வலப்பக்கம் வளையும்போது அதன் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது முனகல் கூடினால் சந்தேகம் இடப்பக்கம். எங்களுக்கு வலது வளைவில் கூடியது, இடது வளைவில் தணிந்தது. “முன் இடது” என்றேன் நான். “பின்னாலதான், என் சீட்டுக்குக் கீழ” என்றார் அம்மா. “அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று கணவர் வழக்கம்போல் கட்சி மாறினார்.

மறுநாள் மாலை காப்பார் சாலைப் பக்கம் உள்ள ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். அண்ணன் ஒருவர், உதவிக்கு ஒரு பையன். நான் கதையை ஆரம்பித்ததும், “சாவியக் கொடுங்க தங்கச்சி, ஒரு சுத்து போயிட்டு வரேன்” என்றார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

திரும்பி வந்து காரை ஜேக்கில் தூக்கினார். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. “ஆட்டம் இல்லன்னு விட்டுடக்கூடாது. ஆடற வரைக்கும் வந்தாச்சுன்னா ரொம்ப லேட்.” பிறகு சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிவிட்டு, மறுகையை அதன் சுருள் ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். வலது பின்சக்கரத்தில் என்னையும் வைக்கச் சொன்னார். ஒன்றுமே தெரியவில்லை. இடது பின்சக்கரத்தில் வைத்ததும் கைக்குள் பொடி மணலை அரைப்பது போல் இருந்தது. சத்தம் கொஞ்சம்தான், அதிர்வுதான் அதிகம். காது ஏமாற்றும், காரின் உடம்பே சத்தத்தை இங்கிருந்து அங்கே கடத்திவிடும், கை ஏமாற்றாது என்றார்.

பியரிங். சக்கரத்தின் நடுவில், இரண்டு இரும்பு வளையங்களுக்கு இடையே வரிசையாக எஃகுக் குண்டுகள், கிரீஸ், மேலே ஒரு ரப்பர் மூடி. என் காரின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 14 சுற்று. குண்டு ஓடும் பாதையில் ஓர் இடத்தில் பள்ளம் விழுந்தால், ஒவ்வொரு குண்டும் அதில் ஏறி இறங்கும். விநாடிக்குப் பத்து பத்தாகத் தட்டல்கள். காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்காது, ஒரே முனகலாகக் கேட்கும்.

“வெள்ளத்துல ஓட்டுனீங்களா?” என்று கேட்டார். கிள்ளானில் இருந்துகொண்டு இல்லை என்று சொல்ல முடியுமா? 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். அதை விடுங்கள், ஒரு மணி நேரம் நல்ல மழை பெய்தாலே எங்கள் தாமான் முனையில் அரைச் சக்கரத்துக்குத் தண்ணீர் நிற்கும். தேய்ந்த ரப்பர் மூடி வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் கெடும், துரு பிடிக்கும், முனகல் சில மாதம் கழித்துத்தான் வரும். குழியில் பலமாக இறங்கினாலும், சாலையோரக் கல்லில் இடித்தாலும் இதே கதிதான்.

“இப்படியே சுங்கைப் பட்டாணி போயிட்டு வந்து மாத்தலாமா அண்ணே? தீபாவளிக்கு ஊருக்குப் போறோம்” என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார். “போனாலும் போவீங்க. ஆனா எந்த இடத்துல சூடேறி இறுகும், எப்ப சக்கரம் ஆட ஆரம்பிக்கும்னு நான் சொல்ல முடியாது. பின்னால யார் உட்காருவாங்க?”

அம்மாவும் மகளும். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே.

அன்றே மாற்றினார். ஹப்போடு சேர்ந்த பியரிங் 210 ரிங்கிட், கூலி 60. டயருக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. கழற்றிய பழையதைச் சுற்றிக் காட்டினார். அம்மாவின் ‘சா’ என் உள்ளங்கையில் கரகரத்தது.

ஒரு விஷயம். எல்லா முனகலும் பியரிங் அல்ல. தோழி ஒருத்தி என் கதையைக் கேட்டுவிட்டுப் பதறிப்போய்க் காரைக் கொண்டு ஓடினாள். அவளுக்கு உண்மையிலேயே டயர்தான். டயரின் மேல் உள்ளங்கையை ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் ரம்பப் பல் போல் கீறியது. அலைன்மெண்ட் பிசகி இருந்தது. அதைச் சரிசெய்து, முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டார்கள். சத்தமும் பின்னால் போய்விட்டது. தடவும்போது கார் நின்றிருக்க வேண்டும், டயரில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவள் பார்க்கவில்லை, விரலில் பிளாஸ்டர்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வடக்கே கிளம்பினோம். தாப்பா வரை ரேடியோ இல்லை. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப் பாதைக்குள் நுழைந்தபோது, சுவரில் பட்டுத் திரும்பும் இரைச்சலில் முனகல் ஏதாவது கலந்திருக்கிறதா என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்ததும் அம்மா சொன்னார்: “சுருதி இல்ல. ஆனா வலது பக்கம் ‘டிக் டிக்’னு ஒரு தாளம் கேட்குது.”

கோலகங்சாரில் இறங்கி, பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தோம். முறுக்கு டின்னின் மூடி.