கடைக் கம்ப்யூட்டர் தானாக அணைந்து போகிறதா?

தீபாவளிக்கு முந்தைய வாரம். மாலை ஆறரை மணி. மொத்த மளிகைக் கடையில் நான்கு பில் மேசைகளிலும் ஆட்கள் நிற்கிறார்கள். வாசலில் இரண்டு டெம்போக்கள் சரக்கு ஏற்றக் காத்திருக்கின்றன. அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் அணைகிறது. நான்கு மேசைகளும் ஒரே நொடியில் நின்று விடுகின்றன. 2024-ஆம் ஆண்டில் நம் சங்க உறுப்பினர் ஒருவருடைய கடையில் நடந்தது இது. அந்த ஒரு வாரத்தில் மட்டும் ஐந்து முறை.

முதலாளியின் சந்தேகம் முதலில் பில் போடும் பையன் மேல் விழுந்தது. "நீதாண்டா காலை ஆட்டிக்கிட்டே ஒயரை உதைச்சிருப்பே" என்று வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே ஏசிவிட்டார். பையன் அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பித்தான் அழைத்து வர வேண்டியிருந்தது. பிறகு யு.பி.எஸ். பேட்டரியை மாற்றினார்கள். பில் போடும் நிரலை அழித்துப் புதிதாக ஏற்றினார்கள். இரண்டுக்கும் பணம் போயிற்று, நோய் போகவில்லை. கடைசியாக வந்த மெக்கானிக், "பிராசசர் போச்சு அண்ணாச்சி, புது மெஷின் வாங்கிடுங்க" என்று விலைப்பட்டியலும் எழுதிக் கொடுத்து விட்டார்.

இத்தனை பேர் பார்த்தும் ஒருவர்கூடச் செய்யாத காரியம், அந்தப் பெட்டியின் சூட்டை அளந்து பார்ப்பது.

அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். உறுப்பினரின் மகன் கல்லூரியில் படித்தபோது, 2018-ல், கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்காக வாங்கிய மெஷின் அது. மகன் வேலைக்காகப் பெங்களூர் போன பின் வீட்டில் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கும் பொருளைக் கடையில் போட்டு வேலை வாங்குவது வியாபாரி புத்தி. அதில் குறை சொல்வதற்கில்லை. கல்லாவுக்குக் கீழே மர அலமாரியில் வைத்துக் கதவையும் சாத்தி விட்டார்கள். நான்கு மேசைகளின் பில் கணக்கோடு, 16 கண்காணிப்புக் கேமராக்களின் படத்தைக் காட்டும் வேலையும் அதன் தலையில் விழுந்தது. பில் போடுவது பிராசசருக்குப் பெரிய வேலையே அல்ல. அதைக் காய வைத்தது 16 கேமராப் படங்களை ஓயாமல் விரித்துக் காட்டும் வேலைதான்.

அந்த மெஷினில் இருந்தது திரவத்தால் குளிர்விக்கும் அமைப்பு. லாரி வைத்திருக்கும் அன்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எஞ்சின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது, அங்கே காற்றில் ஆறித் திரும்புகிறது அல்லவா, அதே வேலைதான். பிராசசரின் தலைமேல் ஒரு செப்புத் தகடு, அதோடு ஒட்டி ஒரு சிறு பம்ப், அதிலிருந்து இரண்டு குழாய்கள், மறுமுனையில் ரேடியேட்டர், ரேடியேட்டர் மேல் விசிறிகள். உள்ளே ஓடுவது வெறும் தண்ணீர் அல்ல. துருப்பிடிக்காமல் இருக்க மருந்தும் கிளைகாலும் கலந்த திரவம். பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே நிரப்பி அடைக்கப்பட்டு வருகின்றன.

பிராசசருக்குள் உண்மையில் வேலை செய்யும் சிலிக்கான் துண்டு ஒரு தபால் தலை அளவுதான் இருக்கும். வேலை கூடும்போது அதிலிருந்து 65 வாட், 100 வாட், சிலவற்றில் அதற்கும் மேலே சூடு கிளம்புகிறது. சூடு எல்லையைத் தொட்டால் பிராசசர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இன்டெல் மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் இந்த எல்லை 100 டிகிரி. ஏ.எம்.டி. ரைசன் 5000 வரிசையில் பெரும்பாலும் 90, 7000 வரிசையில் 95. எல்லையைத் தொட்டதும் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் மெஷினையே அணைத்து விடும். ஆகையால் அணைவதற்கு முன்பே ஓர் அறிகுறி கிடைக்கிறது: ஒரு நொடியில் வர வேண்டிய பில் ஐந்து நொடி, பத்து நொடி இழுக்கும். நம் உறுப்பினர் கடையிலும் இழுத்தது. நெட் மெதுவாக இருக்கிறது என்று எண்ணி விட்டு விட்டார்கள்.

மின்சாரக் கோளாறா, சூடா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் அணைந்த நேரத்தில் அதே யு.பி.எஸ்.ஸில் மாட்டிய மானிட்டரின் சிறு விளக்கும், நெட் பெட்டியின் விளக்கும் எரிந்துகொண்டிருந்தால் யு.பி.எஸ். பேட்டரியின் மேல் பழி போட வேண்டாம். உடனே மறுபடி போட்டால் சில நிமிடங்களில் அணைந்து, அரைமணி ஆறவிட்டுப் போட்டால் நீண்ட நேரம் ஓடுகிறதா? பெரும்பாலும் சூடுதான். விண்டோஸ் எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பில் 41 என்ற எண்ணைக் காட்டி "கரன்ட் கோளாறு" என்பார்கள். முறையாக மூடாமல் மெஷின் நின்று போனது என்பதற்கு மேல் அந்த எண்ணிலிருந்து காரணம் தெரியாது.

அடுத்தது அளப்பது. மெஷினைப் போட்டவுடன் டெல் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். பிராசசரின் சூடும், விசிறி, பம்ப் ஆகியவற்றின் சுழற்சியும் அங்கே தெரியும். வேலை நடக்கும்போது பார்க்க வேண்டுமானால் கோர் டெம்ப், எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற நிரல்கள் உள்ளன. தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். எதுவும் வேண்டாம் என்றால் விண்டோஸிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசரின் வேகத்தைப் பாருங்கள். 3 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டிய பிராசசர், கூட்ட நேரத்தில் 1 ஜிகாஹெர்ட்ஸுக்கும் கீழே நின்றால் சூட்டின் மேல் சந்தேகம் கொள்ளலாம்.

பிராசசரின் சூட்டை மட்டும் குறித்தால் போதாது, கடையின் சூட்டையும் பக்கத்தில் எழுத வேண்டும். எத்தனை உயர்ந்த ரேடியேட்டராக இருந்தாலும் அதன் திரவம் கடைக் காற்றைவிடக் குளிராது. கார்த்திகை மாதக் காலையில் 40 காட்டிய மெஷின் கத்திரி வெயிலில் 52 காட்டினால் அது கோளாறு அல்ல. இரண்டுக்கும் உள்ள இடைவெளி கூடிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் உறுப்பினர் கடையில் காலை 9 மணிக்குக் கடைக்குள் 29 டிகிரி, பிராசசர் 46. குறையில்லை. மாலையில் கேமராவும் நான்கு மேசைகளும் ஓட, சூடு படிப்படியாக ஏறி 90-ஐத் தாண்ட ஏறக்குறைய 40 நிமிடம் ஆயிற்று. இந்த நேரக் கணக்குத்தான் முக்கியம். மெல்ல மெல்ல ஏறும் சூடு, பிராசசரை விட்டு வெளியேறித் திரவத்தில் கலக்கிறது, ஆனால் பெட்டியை விட்டு வெளியேற வழியில்லை என்று சொல்கிறது. அலமாரிக் கதவைத் திறந்து வைத்தோம். கால் மணி நேரத்தில் 8 டிகிரி இறங்கியது. ஒரு ரூபாய் செலவில்லை.

பிறகு மெஷினை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, கடைக்குப் பின்புறம் கொண்டு போய் விசிறிகளைக் கழற்றினோம். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கம்பளி போலப் படிந்திருந்தது தூசி. மிளகாய் வற்றல், பொட்டுக்கடலை மாவு, சணல் சாக்கின் நார், சாம்பிராணிப் புகை எல்லாம் சேர்ந்து கெட்டியாகி விட்டிருந்தன. ஊதியபோது மூவரும் தும்மிய தும்மலைச் சொல்லி முடியாது. ப்ளோயரால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அதிவேகமாகச் சுற்றவிட்டால் விசிறி கெடும். வெளியிலிருந்து பார்த்தால் இந்தத் தூசி தெரியாது. வெளிப்பக்கத்தை மட்டும் துணியால் துடைத்து விட்டு "சர்வீஸ் முடிந்தது" என்று கூலி வாங்கிப் போனவர்களும் உண்டு.

அன்று மாலை கூட்ட நேரத்தில் 71-க்கு மேல் ஏறவில்லை. தீபாவளி வியாபாரம் தடையின்றி நடந்தது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. 2025 பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு மறுபடி அணைந்தது. இந்த முறை மெஷினைப் போட்டு மூன்றே நிமிடத்தில் 95. ரேடியேட்டரோ சுத்தமாக இருந்தது, கதவும் திறந்திருந்தது. தொட்டுப் பார்த்தோம்: குழாய் இரண்டில் ஒன்று பம்ப் பக்கம் சுட்டது, மற்றது கடைச் சூட்டில் இருந்தது, ரேடியேட்டர் சில்லென்று இருந்தது. பிராசசர் கொதிக்கும்போது ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால் திரவம் ஓடவில்லை என்று பொருள். பயாஸில் பம்ப் சுழற்சி 0 என்று காட்டியது. இந்த இடத்தில் பம்ப் செத்தது என்று உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதலில் அதன் ஒயர் கழன்றிருக்கிறதா, சரியான இடத்தில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண விசிறிக்கான முனையில் மாட்டி விட்டால், சூட்டுக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு பம்ப்பையும் மந்தமாக்கி விடும். பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதே நல்லது. இங்கே ஒயர் சரியாகவே இருந்தது. காதை வைத்துக் கேட்டால் டிக் டிக் என்று முயன்று முயன்று நின்றது. ஆறு ஆண்டுக்கு மேல் உழைத்த பம்ப். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இதே அறிகுறி வேறு இரண்டு காரணங்களாலும் வரும். பம்ப் ஓடியும், மெஷினைப் போட்ட சில நொடிகளில் சூடு பாய்ந்தால், செப்புத் தகடும் பிராசசரும் சரியாகத் தொடவில்லை. நடுவில் பூசும் வெப்பப் பசை காய்ந்திருக்கும், அல்லது திருகு தளர்ந்திருக்கும். புதிதாக மாட்டியதென்றால் தகட்டின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பார்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான். இன்னொன்று காற்றுக் குமிழி. ரேடியேட்டரைத் தாழ்வாக வைத்துப் பம்ப் உயரத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்றும் பம்ப்பில் போய்த் தங்கிக் கடகடவென்று சத்தமிடும். ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

குழாய் இணைப்பில் ஈரமோ வெள்ளை உப்புப் பூத்தது போலவோ தெரிந்தால் சோதனை எதுவும் வேண்டாம். ஒயரைப் பிடுங்கி விடுங்கள். திரவம் குறைந்து விட்டது என்று போர் தண்ணீரை ஊற்றிய கதையும் நம் காதுக்கு வந்தது. நம் ஊர்ப் போர் தண்ணீர் பாத்திரத்தில் படிய வைக்கும் உப்பை நினைத்துப் பாருங்கள். முடி அளவு இடைவெளியுள்ள செப்புத் தகட்டில் அந்த உப்பு படிந்தால் என்ன ஆகும்?

பழைய திரவ அமைப்பைக் கழற்றி விட்டு, உலோகத் தகடுகளும் ஒரு விசிறியும் கொண்ட சாதாரண காற்றுக் குளிர்விப்பானை மாட்டச் சொன்னோம். விலையில் மற்றதைவிடக் குறைவு. நின்று போனால் விசிறி ஒன்றுதான் நிற்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியும். பெரிய கணக்கு மையங்களுக்குத் திரவம் தேவைதான். 1985-ல் வந்த கிரே-2 என்ற அமெரிக்க சூப்பர் கம்ப்யூட்டரின் உள்பாகங்களையே ஒரு திரவத்தில் மூழ்க வைத்திருந்தார்கள். ஆனால் பருப்புக்கும் புளிக்கும் பில் போட 65 வாட் பிராசசரும் விசிறியும் தாராளம். புதிதாக வாங்கும் அன்பர்கள் கண்ணாடிப் பெட்டியையும் வண்ண விளக்கையும் பார்த்து மயங்க வேண்டாம் என்பது நம் கருத்து.

ஒரு நஷ்டம் மட்டும் மீளவில்லை. பொங்கல் வாரத்தில் திடீரென நின்றபோது கணக்குக் கோப்பு பழுதாகி, முந்தின இரவு எடுத்த பிரதியைத்தான் ஏற்ற முடிந்தது. அன்றைய பில்களைத் தாள் பிரதிகளைப் பார்த்து மறுபடி அடித்தார்கள். மூன்று கடன் பில்களுக்குத் தாளும் கிடைக்கவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் தாமாகவே தொகையைச் சொல்லிக் கட்டினார்கள். ஒன்று இன்னும் நிலுவை.

கல்லாவுக்குப் பக்கத்து அலமாரிக் கதவில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. தேதி, கடைச் சூடு, காலைச் சூடு, மாலைச் சூடு என்று நான்கு கட்டங்கள். நாம் கடைசியாகப் போனபோது கடை 33, காலை 47, மாலை 66 என்று இருந்தது. எழுதுவது அதே பில் போடும் பையன்தான். முதலாளி அவனிடம் என்ன சொன்னார் என்று நாம் கேட்கவில்லை. அவனுக்கு இருந்த முக்காலியை மாற்றி, முதுகு சாய நாற்காலி போட்டிருந்தார்.